வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்று வரும் மோசடிகள்: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரத்தில் சிறிய தொலைத்தொடர்பு நிலையம் ஒன்றை நடத்திவருகிறேன். ரீலோட் போடுவது, போட்டோப் பிரதி எடுப்பது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கைபேசி வழியாகக் காசு அனுப்பிக் கொடுப்பது என்பன என் அன்றாட வேலைகள். வீட்டிலிருந்தபடியே உழைக்கலாம் என்று ஆசை காட்டுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்திலிருந்து போகும் காசில் ஒரு பகுதி என் மேசையைக் கடந்துதான் போகிறது என்பதால், போகவிடாமல் மறித்த சிலவற்றையும் மறிக்கத் தெரியாமல் அனுப்பிக் கொடுத்த பலவற்றையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் இளம் தாய் ஒருத்தி வந்து, "அக்கா, இந்த நம்பருக்கு 12,500 போட்டுவிடுங்கோ, நாலு மணிக்கு முன்னம் போகவேணுமாம்" என்றாள். நான்காக மடித்த நோட்டுகள் கைக்குள் ஈரமாகியிருந்தன. காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பம் ஈர்க்கு செருகியிருந்தது. அந்த ஈர்க்கைக் கண்ட பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. கொழும்பு நிறுவனம் ஒன்று தட்டச்சு வேலைக்குத் தெரிவுசெய்திருப்பதாகவும், மடிக்கணினிக்கான வைப்புப் பணம் கட்டினால் மூன்று நாளில் பொதி வரும் என்றும் சொன்னாள். வட்ஸ்அப்பில் வந்த நியமனக் கடிதத்தைக் காட்டினாள். அதில் நிறுவனத்தின் பெயரும் பதிவிலக்கமும் முகாமையாளரின் கையொப்பமும் சிவப்பு முத்திரையும் இருந்தன. ஆனால் காசு போகவேண்டிய இலக்கம் தனியாள் ஒருவரின் பெயரில் இருந்தது. பதிவிலக்கத்தை அவள் முன்னாலேயே கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடினோம்; வேறொரு கம்பனியின் பெயர் வந்தது. அவள் காசை அனுப்பவில்லை. தோட்டை மீட்க வங்கிக்குப் போனாளா என்று நான் கேட்கவில்லை.

அன்று நாங்கள் இருவரும் பத்து நிமிடத்தில் செய்ததை யாரும் தாமாகச் செய்துகொள்ளலாம். அதை ஒழுங்காகச் செய்யும் முறையைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலாம் படி: செய்தியைக் கொண்டுவந்தவரையும் செய்தியையும் பிரித்துப் பாருங்கள்

தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எங்கள் ஆட்கள் அவ்வளவு இலேசில் நம்புவதில்லை. வன்னியில் மோசடி பெரும்பாலும் தெரிந்தவர் வாயிலாகவே வீட்டுக்குள் வருகிறது. மாதர் சங்கத்து அக்கா, மச்சாளின் தங்கை, கோயில் திருவிழாவில் கண்ட பழைய இடம்பெயர்வு முகாம் அயலவர், வெளிநாட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா என்று யாரோ ஒருவர் சொல்லித்தான் வருகிறது. பலமுறை இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மீண்டும் கொட்டில் போட்டு வாழத் தொடங்கிய சனத்துக்கு, ஒருவரை ஒருவர் நம்புவதைத் தவிர வேறு முதல் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர் முதலீடாக எடுக்கிறார்கள்.

இதை நான் வெளியில் நின்று பார்த்து எழுதவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், நிறுவனம் ஒன்றின் ஆட்கள் எங்கள் பொது நோக்கு மண்டபத்துக்கு வந்து, துணிப்பை தைத்துக் கொடுத்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். பயிற்சிக்கும் மூலப்பொருளுக்குமாக ஒருவர் 7,500 ரூபா கட்ட வேண்டும். கட்டினேன். வெட்டிய துணி 50 பைக்கு வந்தது, தைத்துக் கொடுத்தோம், மண்டபத்திலேயே காசை எண்ணித் தந்தார்கள். அந்தக் காசைக் கண்ட சந்தோசத்தில் என் சின்னம்மா உட்பட ஐந்து பெண்களை நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். இரண்டாம் தொகுதியைக் கொண்டுபோனபோது, வந்திருந்தவர் இரும்பு அடிமட்டத்தை ஒவ்வொரு பையின் ஓரத்திலும் வைத்துப் பார்த்து, தையல் கோணல், தையல் கோணல் என்று ஒரு பக்கமாக எறிந்துகொண்டே போனார். தரத்தைக் கூட்ட மேலதிகப் பயிற்சிக்கு இன்னும் 5,000 ரூபா கட்டலாம் என்றார். சிலர் அதையும் கட்டினார்கள். பிறகு தொலைபேசி வேலை செய்யவில்லை. சின்னம்மா வீட்டில் அந்தப் பைகளில் இன்றைக்கும் விதைநெல் கட்டியிருக்கிறது.

நான் பொய் சொல்லி அந்த ஐவரையும் சேர்க்கவில்லை. எனக்கு உண்மையாகவே காசு வந்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: உங்களிடம் செய்தி கொண்டுவருபவர் நல்லவராக இருக்கலாம், அவருக்கு முதல் மாதம் காசும் வந்திருக்கலாம், ஆயினும் அந்த வேலை பொய்யாக இருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், "உங்களுக்கு மொத்தமாக எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, கடைசியாக வந்த காசு எப்போது வந்தது" என்ற மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர் கோபிக்கமாட்டார். பல வேளைகளில் அவரும் அன்றுதான் முதன்முறையாகக் கணக்குப் பார்ப்பார்.

நேரடியாகக் கைபேசிக்கு வரும் செய்திகளில் சில அடையாளங்கள் உண்டு. "காலை வணக்கம் அன்பே, நான் மனிதவளத் துறையிலிருந்து பேசுகிறேன்" என்று எங்கள் ஊரில் யாரும் எழுதுவதில்லை. அது இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். ரூபா என்று எழுதவேண்டிய இடத்தில் ரூபாய் என்று இருந்தால், செய்தி எங்கேயோ தயாராகிப் பல நாடுகளுக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல வன்னித் தமிழில் கதைப்பவர் உண்மையானவர் என்று அதற்குப் பொருளில்லை. எங்கள் மண்டபத்துக்கு வந்தவர்கள் எங்களைப் போலத்தான் கதைத்தார்கள்.

இரண்டாம் படி: காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேலை என்றால் வேலை தருபவரிடமிருந்து செய்பவருக்குக் காசு வரவேண்டும். எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கினால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மூலப்பொருள் வைப்பு, மடிக்கணினிக் காப்புறுதி, சுங்க வரி, கணக்கைத் திறக்கும் கட்டணம், திருப்பித் தரப்படும் பிணைப் பணம் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். "திருப்பித் தரப்படும்" என்ற சொல்லைத்தான் நான் கூடுதலாகக் கவனிக்கிறேன். திருப்பித் தரப்போகும் காசை முதலில் ஏன் வாங்க வேண்டும்? முதல் மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான இடமென்றால் அதற்கு ஒரு மறுமொழி இருக்கும், பொய்யான இடமென்றால் அவசரப்படுத்தும் அல்லது கோபிக்கும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு முன்பணம் கட்டச் சொல்லும் கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். இலங்கையில் அந்த நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படுகிறது, வேலை தருபவர் 12 வீதம் சேர்க்கிறார், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதத்தை அவரே கட்டுகிறார். சம்பளம் பிறக்கும் முன் கழிக்க எதுவுமில்லை. ஆகவே அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு ஒன்றில் சட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார்.

இணையத்தில் உண்மையான வேலைச் சந்தைகளும் இருக்கின்றன. வடக்கில் படித்த பிள்ளைகள் பலர் அவற்றால் உழைக்கிறார்கள். பைவர் தளத்தில் கணக்குத் திறக்கக் கட்டணமில்லை. உழைப்பு வந்த பிறகு அதில் 20 வீதத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க் தளத்தில் விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் எனப்படும் புள்ளிகளைச் சிறு தொகை கொடுத்து வாங்க வேண்டிவரலாம். அது தளத்துக்கு, தளத்தின் உள்ளேயே, எல்லோருக்கும் தெரிந்த விலையில் போகிறது. அந்தத் தளங்களில் சந்தித்த ஒருவர், "இங்கே வேண்டாம், டெலிகிராமுக்கு வாருங்கள்" என்றால் அங்கிருந்துதான் மோசடி தொடங்குகிறது.

மூன்றாம் படி: அந்தக் காசை யார் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்று கேளுங்கள்

காசு உங்கள் பக்கம் வருகிறது என்பது மட்டும் போதாது. என் முதல் 50 பைக்குக் காசு வந்தது. அது பின்னால் சேர்ந்தவர்களின் 7,500 ரூபாவிலிருந்து வந்தது. எனவே பொருளை அல்லது உழைப்பைக் கடைசியில் வாங்குபவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வகைகளை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, கைபேசியில் காணொளிக்கு விருப்பக்குறி போடும் வேலை, ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் வேலை. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், 3,000 ரூபா என்பார்கள். மாதம் 90,000 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து நாட்டின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. மூன்று ஆள் சம்பளத்துக்கு மேல் கொடுத்து விரலால் தட்டுவிக்க யாருக்கு என்ன தேவை? இதை அவர்களும் அறிவார்கள். ஆகவே முதல் நாள் 500, இரண்டாம் நாள் 1,000 என்று உண்மையாகவே கணக்கில் போடுவார்கள். அதன்பின் "முற்பணப் பணி" வரும்: 5,000 கட்டினால் 6,500, 20,000 கட்டினால் 28,000. குழுவில் உள்ள மற்றவர்கள் தங்களுக்கு வந்த காசின் படங்களைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மோசடிக்காரரின் ஆட்களே. திரையில் உங்கள் பெயருக்கு நேரே இலட்சக்கணக்கில் தொகை தெரியும், ஆனால் எடுக்கப் போனால் வரி கட்ட வேண்டும், தவறான பணி செய்ததற்குத் தண்டம் கட்ட வேண்டும் என்பார்கள். முதலில் வந்த 500 ரூபா சம்பளம் அல்ல, தூண்டிலில் கொழுவிய இரை. உண்மையான வரி, வரவேண்டிய காசில் கழிக்கப்படும். அதை விடுவிக்கவென்று புதுக் காசு கேட்கப்படாது.

இந்தக் குழுக்களில் இனிமையாக எழுதுகிறவரும் சில வேளை கைதியாக இருக்கிறார். அண்மைய ஆண்டுகளில் இலங்கையர் பலர் கணினி வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்குச் சுற்றுலா விசாவில் அழைக்கப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைபட்டு, இதே மோசடியை மற்றவர்களுக்குச் செய்ய வைக்கப்பட்டார்கள். எனவே வீட்டிலிருந்து செய்யும் வேலையாகத் தொடங்கி, "திறமையானவர் நீங்கள், வெளிநாட்டுக் கிளைக்கு வாருங்கள்" என்று முடியும் அழைப்பு வந்தால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்காமல் கடவுச்சீட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டம். சத்துமா, மூலிகைத் தேயிலை, சவர்க்காரம், இப்போது கிரிப்டோ நாணயம் என்று முன்னால் ஒரு பொருள் நிற்கும். வருமானம் மட்டும் ஆள் சேர்ப்பதில் வரும். ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த படியில் 5, பிறகு 25, 125, 625, 3,125, 15,625, ஏழாம் படியில் 78,125. தொடங்கியவரோடு கூட்டினால் 97,656 பேர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே ஏறத்தாழ 92,000 தான், கைக்குழந்தைகளும் சேர்த்து. ஏழு படிக்குள் மாவட்டமே முடிந்துவிடுகிறது. அப்போது கடைசிப் படியில் நிற்கும் 78,125 பேருக்கு, அதாவது பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, சேர்க்க ஆளே இல்லை. யாருடைய கெட்டித்தனமும் இந்தக் கணக்கை மாற்றாது. இலங்கையில் இது 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவால் தடைசெய்யப்பட்ட குற்றம். தொடங்கியவர் மட்டுமல்ல, விளம்பரம் செய்தவரும் ஊக்குவித்தவரும் அந்தப் பிரிவுக்குள் அடங்குவார்கள் என்பதை, அயல் வீட்டுக்காரரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகும் முன் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, எங்கள் பகுதியை மிகவும் குறிவைக்கும் வகை: நாங்கள் விதை தருகிறோம், நீங்கள் வளருங்கள், நாங்களே வாங்குகிறோம் என்பது. காளான் பொதி, கற்றாழைக் கன்று, காடைக் குஞ்சு என்று ஆண்டுக்கு ஒன்று வரும். வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் எல்லோரும் மோசடிக்காரர் அல்ல. பால் கூட்டுறவுச் சங்கங்களும் இதைத்தான் செய்கின்றன. வித்தியாசத்தைக் கணக்கில் காணலாம். விற்பவர் இலாபம் பார்ப்பது விதையிலா, விளைச்சலிலா? கன்றைச் சந்தை விலையின் பல மடங்குக்கு விற்றுவிட்டால், விளைந்ததை வாங்க அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆகவே அதே கன்று, அதே பொதி வெளியில் என்ன விலை என்று விசாரியுங்கள். அவர் வாங்காவிட்டால் கிளிநொச்சிச் சந்தையிலோ வவுனியாச் சந்தையிலோ யார் வாங்குவார், என்ன விலைக்கு என்று ஒரு வியாபாரியிடமாவது நேரே கேளுங்கள். அந்தப் பயிர் எங்கள் வெக்கையைத் தாங்குமா என்பதைக் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம், 1920 என்ற விவசாய ஆலோசனை இலக்கத்திலும் கேட்கலாம். சிப்பிக் காளானுக்கு ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் ஏப்ரல், மே மாதங்களில் அது என்னவாகும் என்று பொதி விற்க வந்தவர் யாருக்கும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான்காம் படி: பெயரையும் பதிவையும் நீங்களே சரிபாருங்கள்

அவர்கள் அனுப்பும் இணைப்பை அழுத்திச் சரிபார்க்கக் கூடாது. நீங்களாகவே தேடிப் போக வேண்டும். தனியார் கம்பனிகள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதியப்படுகின்றன. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பெயரைத் தேடலாம். கடிதத்தில் உள்ள இலக்கமும் பெயரும் அங்கு ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். சிறு வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். பதிவு செய்த பிரதேச செயலகத்தில் கேட்கலாம். இணையம் கைவராதவர்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ கிராம அலுவலரிடமோ கடிதத்தைக் காட்டினால், அவர்களுக்கு உடனே தெரியாவிட்டாலும் எங்கே கேட்பது என்றாவது தெரியும்.

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் போன்றது. ஆள் இருக்கிறார் என்று காட்டும். ஆள் நல்லவர் என்று காட்டாது. பதிந்த கம்பனி என்பதால் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் உரிமை அதற்கு வந்துவிடாது. அந்த உரிமையை இலங்கை மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளும், 2011ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளும் போன்றவையே பெறுகின்றன. மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் உரிமம் உள்ளவற்றின் பட்டியலையும், தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகத் தான் கண்டறிந்தவற்றின் பெயர்களையும் வெளியிட்டிருக்கிறது. அதன் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் இலக்கம் 1935. இரண்டாம் பட்டியலில் பெயர் இல்லை என்பது நற்சான்று அல்ல. மோசடிக்காரர் பெயரை மாற்றும் வேகத்துக்கு எந்தப் பட்டியலும் ஈடுகொடுக்காது.

அமைச்சரோடு நிற்கும் படம், கோயில் நன்கொடைப் படம், சீருடை, அரச இலச்சினை ஆகியவற்றைச் சான்றாக எடுக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: கொடுக்கக் கூடாதவை

காசு கேட்காத மோசடியும் உண்டு. தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படம், அதைக் கையில் பிடித்தபடி எடுத்த முகப்படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை மட்டும் கேட்பார்கள். அவற்றைக் கொண்டு உங்கள் பெயரில் கடனுக்கு விண்ணப்பிக்கவும் இணையக் கணக்குகள் திறக்கவும் முயலலாம். நேரில் கண்டு, இடத்தைக் கண்டு, வேலை உறுதியான பின்னரே பிரதி கொடுங்கள்; கொடுக்கும் பிரதியின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று பேனையால் எழுதிவிடுங்கள். என் நிலையத்தில் பிரதி எடுப்பவர்களுக்கு இதை நானே சொல்லி எழுதுவிக்கிறேன். ஓடிபி இலக்கத்தை வங்கிக்காரர் என்று சொல்பவருக்கும் சொல்லக் கூடாது.

மிகவும் ஆபத்தானது, கணக்கை வாடகைக்குக் கொடுக்கும் "வேலை". உங்கள் கணக்குக்குக் காசு வரும், நூற்றுக்கு ஐந்தை வைத்துக்கொண்டு மீதியை இன்னோர் இலக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்கள். கட்டணமும் இல்லை, உழைப்பும் இல்லை, காசு உங்கள் பக்கமே ஓடுகிறது. அந்தக் காசு இன்னோர் ஊரில் இன்னொரு தாய் தோடு அடகு வைத்துக் கட்டியது. பொலிஸார் தேடும்போது முதலில் அகப்படுவது உங்கள் பெயரும் உங்கள் அடையாள அட்டையுமே. குற்றத்தில் வந்த காசை நல்ல காசுபோல மாற்றுவதைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் வரை அது போகலாம். மகன் பெயரில் எடுத்த சிம் அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

விளம்பரத்துக்கு மாதிரி வேண்டும் என்று பெண் பிள்ளைகளின் படங்களைக் கேட்பவர்கள் பிறகு அவற்றை வைத்து மிரட்டுவார்கள். அப்படி நடந்திருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள்; 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது.

ஆறாம் படி: ஓர் இரவு பொறுங்கள், இன்னொருவருக்குக் காட்டுங்கள்

நாலு மணிக்கு முன்னம் என்ற சொல் உண்மையான வேலையில் வருவது அரிது. ஓர் இரவு தாமதித்ததால் கைவிட்டுப் போகும் வாய்ப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த இரவில் வீட்டில் உள்ள ஒருவருக்கு எல்லாச் செய்திகளையும் காட்டுங்கள். காட்ட வேண்டாம், இரகசியம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

கட்டப்போகும் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் அந்த இரவில் யோசிக்க வேண்டும். நகை அடகு, சீட்டுக் காசு, நுண்கடன் இவற்றில் எதுவென்றாலும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நுண்கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்று இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட கடன்களின் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்கும் அளவுக்கு அது போனது. கடனாக எடுத்துக் கட்டிய காசு மோசடிக்குப் போனாலும் கடன்காரர் கிழமை தவறாமல் படலைக்கு வருவார்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளி ஆட்கள் வந்து தொழில் திட்டம் சொல்லும் கூட்டத்தில் அன்றே யாரும் காசு கட்டுவதில்லை என்று சங்கமாகத் தீர்மானம் எழுதி வையுங்கள். துணிப்பை விடயத்தில் ஏமாந்த பிறகு எங்கள் சங்கத்தில் எழுதினோம். தனியாக ஒரு பெண் மறுத்துச் சொல்வது கடினம். தீர்மானம் இருக்கிறது என்று சொல்வது இலகு. கைத்தொழில் தொடங்க விரும்புவோருக்கு ஆலோசனை சொல்லப் பிரதேச செயலகங்களோடு சேர்ந்த விதாதா வள நிலையங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே கேளுங்கள்.

ஏழாம் படி: காசு போய்விட்டது என்றால்

முதலில் மேலும் கட்டுவதை நிறுத்துங்கள். போனதை மீட்கக் கட்டும் காசும் போகும். ஆத்திரத்தில் செய்திகளை அழிக்க வேண்டாம், அவர்களோடு சண்டையும் பிடிக்க வேண்டாம். சண்டை பிடித்தால் அவர்கள் குழுவையே அழித்துவிடுவார்கள். தொலைபேசி இலக்கங்கள், கணக்கிலக்கங்கள், பெயர்கள், திகதி, நேரம், தொகை எல்லாவற்றையும் கைபேசித் திரையில் தெரிகிறபடியே படமாக (ஸ்க்ரீன்ஷொட்) எடுத்து, என்னைப் போன்ற ஒரு நிலையத்தில் அச்செடுத்து வையுங்கள்.

அடுத்ததாக, அதே மணித்தியாலத்தில் உங்கள் வங்கியை அழையுங்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போகும் பணத்தை அனுப்பியவர் தாமாக மீளப் பெற முடியாது. ஆனால் அது இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால், வங்கி மூலம் மறு வங்கிக்கு அறிவித்து மறிக்க ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. ஈசி காஷ், எம்காஷ் வழியாகப் போனதென்றால் அந்தச் சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். ஓடிபியோ கடவுச்சொல்லோ போயிருந்தால் அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள்.

பிறகு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வடக்கில் தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதப்பட்டால், வாசித்து விளக்கும் வரை கையொப்பம் இடாதீர்கள்; முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், வங்கிக்கு அது தேவைப்படும். கணினிக் குற்றங்களுக்குக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. போலிக் கணக்குகள், களவுபோன வட்ஸ்அப் போன்றவற்றுக்கு, கணினிப் பாதுகாப்புக்கான தேசிய நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கம் உதவும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சில கிழமைகளில் இன்னொருவர் அழைப்பார். நீங்கள் ஏமாந்த தொகை வரைக்கும் சரியாகச் சொல்லி, மீட்டுத் தருகிறேன், கோவை திறக்க 10,000 ரூபா கட்டுங்கள் என்பார். அவர் சட்டத்தரணியும் அல்ல, புலனாய்வு அதிகாரியும் அல்ல. பழைய ஆட்களே உங்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டோ விற்றோ மீண்டும் வருகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் சேர்த்துவிட்டவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அது எல்லாவற்றிலும் கடினமான வேலை. நான் ஐந்து நாள் பிந்தினேன். அந்த ஐந்து நாளில் சின்னம்மா மேலதிகப் பயிற்சிக்கு 5,000 ரூபா கட்டிவிட்டிருந்தார். நான் போய்ச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பற்றுச்சீட்டு வைத்திருந்த பால்மா பேணியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் எல்லோருடைய பற்றுச்சீட்டையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். நாங்கள் ஆறு பேரும் அடுத்த நாள் ஒரே மினிபஸ்ஸில் போய், ஆறு வாக்குமூலம் கொடுத்தோம்.